கீழ் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் எதற்கு?

அடுக்குமாடிக் குடியிருப்பில் சண்டை வருவது பணத்தால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் தரவேண்டும், எவ்வளவு தரவேண்டும் என்பதை எதுவும் கெட்டுப்போகும் முன்பே எழுதி வைக்காததால்தான் சண்டை வருகிறது. கெட்டுப்போன பிறகு உட்கார்ந்து பேசினால், அவரவர் வீடு எந்த மாடியில் இருக்கிறதோ அந்த மாடியிலிருந்துதான் அவரவருக்கு நியாயம் தெரியும்.

எங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம், 2004-ல் கட்டியது. தரைத்தளத்தில் 2 வீடு, மிச்ச இடம் வண்டி நிறுத்த. மேலே 4 மாடி, மாடிக்கு 4 வீடு. ஆக மொத்தம் 18 வீடு. மாத மெயின்டனன்ஸ் 1,200 ரூபாய். "இந்த ஏரியாவிலேயே எங்களுக்குத்தான் கம்மி" என்று எங்கள் ஆட்கள் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பெருமையின் கணக்கைப் பாருங்கள். மாத வரவு 21,600. வாட்ச்மேன் சம்பளம் 10,000, கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு 3,500, பொது மின்கட்டணம் 3,500, லிஃப்ட் கம்பெனிக்கு வருட ஒப்பந்தம் மாதக் கணக்கில் 2,500, தண்ணீர்த் தொட்டி கழுவ, பல்பு வாங்க, பிளம்பர் கூலி என்று 1,500. கூட்டினால் 21,000. மிச்சம் 600 ரூபாய். 20 வயதுக் கட்டடம் ஒன்று மாதம் 600 ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த 600-ம் ஆயுதபூஜைக்கும் பொங்கல் இனாமுக்கும் போய்விடும்.

2024 ஜூலையில் லிஃப்ட் நின்றது. கன்ட்ரோல் பேனல், ரோப், கதவு மூன்றும் மாற்றவேண்டும், 2,72,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் வந்தது. வருட ஒப்பந்தத்தில் சர்வீஸ் மட்டும்தான், பெரிய சாமான்கள் சேராது. உடனே அவசரக் கூட்டம் போட்டோம். 18 வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 15,111.

தரைத்தளத்தில் இருக்கும் நண்பர் எழுந்தார். "நான் எதுக்கு சார் லிஃப்டுக்குப் பணம் கட்டணும்? என் வீட்டுக்கு நாலு படி ஏறினால் போதும்." நியாயமான கேள்விதான். உடனே மூன்றாம் மாடி அம்மா, "மொட்டை மாடியில துணி உலர்த்த உங்க வீட்டுல லிஃப்ட்லதானே போறாங்க? போன மாசம் வடாம் பிழிஞ்சப்போ எத்தனை தடவை போனாங்கன்னு நான் பார்த்தேனே" என்றார். அதுவும் நியாயம்தான். முதல் மாடிக்காரர், தான் படியில்தான் ஏறுவதாகவும், டாக்டர் அப்படித்தான் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். கூட்டம் அன்றைக்கு அதோடு கலைந்தது.

இப்படியே 11 வாரம் ஓடியது. கீழ்வீடுகள் இரண்டையும் விட்டுவிட்டு 16 வீடும் கட்டினால் ஆளுக்கு 17,000. அதாவது அத்தனை கூச்சலும் வீட்டுக்கு 1,889 ரூபாய் வித்தியாசத்துக்காக. அந்த 11 வாரமும் நாலாம் மாடிப் பெரியவர் ஒருவருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகனும் வாட்ச்மேனும் 33 முறை கீழே இறக்கினார்கள், 33 முறை மேலே ஏற்றினார்கள். கூட்டத்தில் அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தங்களுக்காகக் கேட்பதாக ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இந்தக் கேள்வியை உலகத்தில் நாங்கள்தான் முதலில் கேட்டோமா என்றால் இல்லை. என் தங்கை பாரீஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், அங்கே போயிருந்தபோது அவள் மேசை டிராயரில் இருந்த கட்டட விதிமுறைப் புத்தகத்தைப் பொழுதுபோக்காகப் படித்தேன். குமாஸ்தா புத்தி, ஓய்வு பெற்றாலும் போகாது. அங்கே இந்த ஏற்பாட்டுக்கு 'கோப்ரொப்ரியேத்தே' என்று பெயர், அதாவது கூட்டுச் சொத்து. 1965 ஜூலை 10-ஆம் தேதியிட்ட சட்டம் அதை ஆள்கிறது. அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு எங்கள் கூட்டத்தில் நடந்த தகராறை இரண்டே விதியில் முடித்துவிடுகிறது.

முதல் விதி: கட்டடத்தைக் காப்பாற்றும் செலவு, அதாவது கூரை, சுவர், அஸ்திவாரம், நிர்வாகம் எல்லாம் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கின்படி. பெரிய வீட்டுக்குப் பெரிய பங்கு, சின்ன வீட்டுக்குச் சின்னப் பங்கு. இரண்டாவது விதி: லிஃப்ட் போன்ற பொதுச் சாதனங்களின் செலவு, அது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பயன்படக்கூடியதோ அதன்படி. இங்கே 'பயன்படக்கூடியது' என்பதைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்துகிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. நாலாம் மாடிக்காரர் டாக்டர் சொன்னார் என்று தினமும் படியேறினாலும் லிஃப்டுக்குக் கட்டத்தான் வேண்டும். தரைத்தளத்துக்காரர் போய்வர மேலேயோ அடித்தளத்திலோ எதுவும் இல்லை என்றால் கட்டவேண்டாம். யார் எத்தனை முறை வடாம் எடுத்துக்கொண்டு போனார் என்று எவரும் கணக்கு வைக்கவேண்டிய அவசியமில்லை.

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஆகவே கீழ்வீடுகளுக்கும் லிஃப்ட் கொஞ்சம் பயன்படக்கூடியதே. இந்த இரண்டு விதியையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, கீழ்வீட்டுக்கு அரைப் பங்கு என்று ஒரு கணக்கும் போட்டு அடுத்த கூட்டத்தில் வைத்தேன். 17 பங்கு, பங்குக்கு 16,000. கீழ்வீடுகள் 8,000. கால்மணி நேரத்தில் கையெழுத்தானது. தொகை ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஏன் இந்தத் தொகை என்பதற்குக் காகிதத்தில் ஒரு காரணம் இருந்தது, அவ்வளவுதான்.

கீழ்வீட்டு நண்பர் கையெழுத்துப் போடும்போது முதல் விதியையும் படித்தார். "அப்போ மொட்டை மாடி ஒழுகினா நானும் கட்டணுமா?" என்றார். ஆமாம். மொட்டை மாடி நாலாம் மாடிக்காரரின் சொந்தக் கூரை இல்லை, அது 18 வீட்டுக்கும் கூரை. தட்டோடு பெயர்ந்து தண்ணீர் இறங்கினால் அது மேல்வீட்டோடு நிற்காது. கம்பிக்குப் போகும். துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் இருக்கும் உப்பு அந்த வேலையை இன்னும் சீக்கிரம் செய்து முடிக்கும். தூண் எல்லா மாடிக்கும் ஒன்றுதான்.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மியாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்று 2021 ஜூன் 24 அதிகாலையில் சரிந்து விழுந்தது. 98 பேர் செத்துப்போனார்கள். 2018-லேயே ஒரு பொறியாளர் நீர் தடுப்புப் பூச்சு கெட்டிருப்பதையும் கான்கிரீட் சேதத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார். செலவு பெரிது, சேமிப்பு குறைவு, உரிமையாளர்களுக்குள் வாதம். கடைசியில் சுமார் 1.5 கோடி டாலர் வசூலிக்க முடிவெடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் பணம் கட்டத் தொடங்கவேண்டிய நாள் ஜூலை 1. கட்டடம் அதற்கு ஒரு வாரம் முந்திக்கொண்டது. சரிவுக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல உண்டு. ஆனால் ஃப்ளோரிடா மாநிலம் அதிலிருந்து கற்ற பாடம் ஒன்று: அப்படிப்பட்ட கட்டடங்களில் கட்டுமானப் பழுதுக்கான சேமிப்பை "வேண்டாம்" என்று உரிமையாளர்களே ஓட்டுப் போட்டு ஒதுக்கிவிட முடியாதபடி 2022-ல் சட்டத்தைத் திருத்தியது.

பிரான்ஸிலும் சேமிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 2014-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, 2017 முதல் பெரும்பாலான அடுக்குமாடிகள் ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 5 சதவீதத்தைப் பெரிய வேலைகளுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். எங்கள் 1,200 ரூபாயில் 5 சதவீதம் என்றால் 60 ரூபாய். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,72,000-ஐ 18 வீட்டுக்கும் 20 வருடத்துக்கும் வகுத்தால் வீட்டுக்கு மாதம் 63 ரூபாய் வருகிறது. இரண்டு டீ, இரண்டு வடை. அதை மிச்சம் பிடித்த பெருமைக்குத்தான் ஒரு நோயாளியை 66 முறை நாற்காலியில் தூக்கினோம். குறைந்த மெயின்டனன்ஸ் என்பது சிக்கனம் இல்லை, பின்னால் வரப்போகிறவன் தலையில் எழுதிவைக்கும் கடன்.

இந்தச் சேமிப்பைப் பற்றிப் பேசினால் இரண்டு எதிர்ப்பு வரும். ஒன்று, "நான் பென்ஷன்காரன், கூடுதலாக எங்கே போவேன்?" நானும் பென்ஷன்காரன்தான். 16,000 ரூபாயை ஒரே மாதத்தில் எடுத்துவைப்பது எனக்குத்தான் கஷ்டம், சம்பளக்காரருக்கு இல்லை. மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பது எங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்ட வழி. இரண்டாவது எதிர்ப்பை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், முணுமுணுப்பார்கள்: "காசு சேர்ந்தா கமிட்டிக்காரன் கை வைப்பான்." இது கௌரவமான கேள்வி. இதற்குக் கோபப்படக் கூடாது, ஏற்பாடுதான் செய்யவேண்டும். அன்றாடச் செலவுக் கணக்கு வேறு, இந்த நிதிக்கணக்கு வேறு. இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே வரக்கூடாது. மாதம் 5-ஆம் தேதிக்குள் கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும். அரசாங்க ஆபீஸில் நான் பார்த்தவரை, திறந்து கிடக்கிற லெட்ஜரில் யாரும் கை வைக்கத் துணிவதில்லை.

எழுதவேண்டியது இன்னொன்றும் உண்டு, புகார்ப் பதிவேடு. இப்போதெல்லாம் புகார் வாட்ஸ்அப்பில் வருகிறது. இரவு 10 மணிக்கு "பாத்ரூம் சீலிங்கில் ஈரம்" என்று ஒருவர் போடுவார். காலையில் ரோஜாப்பூவும் முருகன் படமுமாக 14 குட் மார்னிங் வந்து அதை மூடிவிடும். ஒரு வாரம் கழித்து "சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை" என்று அவர் கத்துவார், செக்ரட்டரி "எப்போ சொன்னீங்க?" என்பார். வாட்ச்மேன் மேசையில் 60 ரூபாய் நோட்டு ஒன்று போதும். வரிசை எண், தேதி, வீட்டு எண், புகார், எடுத்த நடவடிக்கை, முடிந்த தேதி, புகார் சொன்னவரின் கையெழுத்து. ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் அந்த நோட்டே பேசும். மூன்று மாடியிலும் ஒரே பக்கத்து பாத்ரூமில் ஈரம் என்றால் கோளாறு வீட்டுக்குள் இல்லை, மேலிருந்து கீழே இறங்கும் பொதுக் குழாயில். அதற்குச் செலவு சங்கத்தினுடையது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் மேல்வீட்டின் சொந்தக் குழாய். அதற்குச் செலவு அந்த வீட்டினுடையது. இந்த இரண்டு வரியையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் மேல்வீடும் கீழ்வீடும் முகம் பார்த்துச் சிரிக்கலாம்.

"சின்னச் சங்கத்துக்கு இவ்வளவு எழுத்து வேலையா?" என்பார்கள். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 2024 அக்டோபரிலிருந்து சராசரியாக வீட்டுக்கு 150 ரூபாய் தனி நிதி பிடித்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. மோட்டார் இருந்த குழிக்குள் வெள்ளம் புகுந்து காயில் எரிந்துபோனது. நிதியில் இருந்தது இரண்டு மாதப் பணம், 5,400 ரூபாய். காயில் கட்ட 4,800 ஆனது. கூட்டம் போடவில்லை, வசூலுக்கு யாரும் படியேறவில்லை. கரண்ட் வந்த மறுநாளே தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது. செக்ரட்டரி, பொருளாளர் இரண்டு பேர் கையெழுத்து, நோட்டீஸ் போர்டில் ஒரு ரசீது, அவ்வளவுதான் எழுத்து வேலை.

புதுக் கட்டடத்தில் இருப்பவர்கள் இதெல்லாம் பழைய கட்டடக்காரர் புலம்பல் என்று நினைக்கவேண்டாம். 2016-ல் வந்த ரெரா சட்டத்தின்படி பதிவான குடியிருப்புகளில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடம் வரை கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். அந்த 5 வருடம் சேமிப்பதற்கு நல்ல காலம், தூங்குவதற்கு இல்லை. ஆறாவது வருடத்திலிருந்து கட்டடம் முழுக்க முழுக்க உங்களுடையது.

ஆகவே இதைப் படிக்கிற ஃப்ளாட்வாசிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த சங்கக் கூட்டத்தில் மெயின்டனன்ஸ் எவ்வளவு குறைவு என்று கேட்காதீர்கள். லிஃப்டுக்கும் மொட்டை மாடிக்கும் இதுவரை எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம், அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வர நேரமானால், அந்தக் கூட்டத்திலேயே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பியுங்கள்.