ஜாகை பார்த்தாயிற்றா?

சென்ற வருஷம் நானும் இவரும் டோக்கியோ போய் வந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறார்கள். இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் என்ற பேட்டையில் வீடு. வீடென்றால், நம் கோடம்பாக்கத்து வீட்டுக் கூடத்துக்குள் முழுவதும் அடங்கிவிடும்! இரண்டு பேர் கால் நீட்டிப் படுத்தால் மூன்றாமவர் உட்கார்ந்துகொண்டுதான் தூங்க வேண்டும். ஆகவே எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டல் பார்த்து வைப்பதாகப் பெண் சொன்னாள்.

பார்த்தாள் பாருங்கள், பத்து நாள் பார்த்தாள்! அப்பாவுக்கு முழங்கால் வலி. ஸ்டேஷனில் எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது? உலர்ந்த மீனில் இறக்கிய சாறு சேராத சூப் அந்த ஊரில் அபூர்வம். அம்மா ஒரு பிடி அரிசி வடித்துக்கொள்ள அறையில் அடுப்பு உண்டா? அநேகமாக எல்லா ஹோட்டலிலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். காலையிலேயே வந்து இறங்குகிறவர்கள் அதுவரை பெட்டியை எங்கே வைப்பது? ராத்திரி பன்னிரண்டரை சுமாருக்கு மேல் ரெயில் கிடையாது; கோவில் குளம் பார்த்துவிட்டுத் திரும்ப நேரமானால் என்ன செய்வது? இப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஓர் இடத்தை முடிவு செய்தாள். போய்ச் சேர்ந்த நாங்கள் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

அங்கே எனக்கு மிகவும் பிடித்துப் போன சமாசாரம் ஒன்று உண்டு. வீட்டு விளம்பரங்களில் 'ஸ்டேஷனிலிருந்து நடந்தால் ஏழு நிமிஷம்' என்று போடுகிறார்களே, அந்த நிமிஷத்துக்குக் கணக்கு இருக்கிறது. எண்பது மீட்டர் தூரம் ஒரு நிமிஷம். அவரவர் இஷ்டத்துக்குக் குறைத்துப் போட முடியாது. நம் ஊரில், "இதோ, கூப்பிடு தூரம்தான் மேடம்" என்பார்கள். யாரை, எங்கிருந்து கூப்பிடுவதோ!

இவ்வளவும் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார், இவருக்கு மூத்தவர், கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வருவதாகச் சேதி வந்தது. வயது அறுபத்தெட்டு. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "கண்ணைக் கட்டிக்கொண்டு உன் வீட்டு மாடிப்படி ஏற என்னால் ஆகாதம்மா. பக்கத்தில் எங்கேயாவது ஒரு ரூம் பார். சாப்பாடு மட்டும் நீ அனுப்பு" என்றார். நியாயம்தானே? இவர் ஆபீஸிலிருந்து வரும் வழியில் தெருக்கோடியில் இருந்த லாட்ஜில் வாடகை விசாரித்து, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நிமிஷ வேலை.

பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பத்து நாள்; கூடப் பிறந்தவளுக்குப் பத்து நிமிஷம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை, சகோதரிகளே!

உழவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை எழும்பூரில் வந்து இறங்கினார். இவர் போய் அழைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போயிருக்கிறார். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தங்கறது யார் சார்?" என்றானாம். "எங்க அக்கா." "அவங்க மட்டுமா? தனியா லேடீஸுக்கு ரூம் கொடுக்கறதில்லை சார். நீங்களும் தங்கறதா இருந்தா சொல்லுங்க." எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாசற்படியில் பெட்டியும் கையுமாக அக்கா நிற்கிறார். இவர் வாதாடிப் பார்த்தார். பையன் கார்டைத் திருப்பி நீட்டிவிட்டான்.

"முப்பது வருஷம் எத்தனையோ பேருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை, பார்!" என்று எங்கள் வீட்டு முதல் படியில் கால் வைத்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன் பிறகு மூன்று மாடி ஏறி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஆபரேஷன் முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை திரும்பவும் கண்ணைக் காட்ட வேண்டும். அதாவது இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, ஏறி. எந்தப் படியிலும் அவர் முனகவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் ஒன்றும் இல்லை. சில விடுதிக்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் அது. எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ இடங்களில் மரியாதையாகவே நடத்துகிறார்கள். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெட்டியோடு நின்றுகொண்டு சட்டம் பேச முடியுமா? ஆகையால் வாடகை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். "தங்கப் போவது ஒரு பெண்மணி, தனியாக" என்று பச்சையாகச் சொல்லுங்கள். சரி என்கிறவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அறை அந்தப் பெண்மணியின் பெயரிலேயே பதிவானதாக ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைகள் விசாரித்தால் இந்தக் கேள்வி அவர்கள் மனசில் எழுவதே இல்லை. அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர்களை யாரும் வாசலில் நிறுத்தியதில்லையே!

இடத்தின் பெயரைக் கண்டும் ஏமாந்து போகாதீர்கள். திருவல்லிக்கேணியிலும் எங்கள் கோடம்பாக்கத்திலும் 'மேன்ஷன்' என்று பலகை மாட்டியிருந்தால், அது பிரம்மசாரிகள் மாத வாடகைக்கு இருக்கும் கட்டடம். சினிமாவில் சேர வேண்டும் என்று ஊரைவிட்டு வந்த எத்தனையோ பிள்ளைகள் எங்கள் பேட்டையில் அப்படிப்பட்ட அறைகளில்தான் காலம் தள்ளினார்கள். நமக்கு அங்கே வேலை இல்லை. வேடிக்கை என்னவென்றால், டோக்கியோவிலும் 'மான்ஷொன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அங்கே அது குடும்பங்கள் வசிக்கும் சாதாரண அடுக்குமாடி வீடு!

அடுத்தது, எந்த ஊரிலிருந்து, எதில் வருகிறார்கள் என்பது. தெற்கேயிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு 'கோயம்பேட்டுப் பக்கம் ரூம் பார்' என்று 2002 முதல் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு அந்தப் பேச்சு செல்லாது. திருச்சி, மதுரைப் பஸ்கள் ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் பஸ் சார்ஜைவிட அதிகமாகிவிடும். வண்டலூர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் மின்சார ரெயிலில் மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லிருந்து மின்சார வண்டி ஓடுகிற தடம் இது. இன்றைக்கும் ஜாகை பார்க்க இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஆஸ்பத்திரி நுங்கம்பாக்கத்தில் என்றால் அந்த ஸ்டேஷனை ஒட்டி. கல்யாணத்துக்குப் பட்டு, நகை வாங்க வருகிறவர்கள் என்றால் மாம்பலத்தை ஒட்டி. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை 2023-ல் ஆகாய நடைபாதை போட்டுவிட்டார்கள். மூட்டையோடு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட வேண்டாம்.

வடபழனி கோவிலில் கல்யாணம் என்றால் முகூர்த்தத் தேதி நிச்சயமான அன்றைக்கே அறையும் நிச்சயம் பண்ணுங்கள். தேதி ஒன்றுதான், கல்யாணம் எத்தனையோ! பக்கத்தில் எல்லாம் நிரம்பிவிட்டால் மெட்ரோ ரெயில் தடத்தில் அசோக் நகர், அரும்பாக்கம் என்று தள்ளிப் பாருங்கள்.

நேரக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில லாட்ஜுகளில் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. காலை ஐந்துக்கு நுழைந்தால் மறுநாள் ஐந்துக்குக் காலி செய்ய வேண்டும். பெரிய ஹோட்டல்களில் பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு; காலை ஐந்துக்கே நுழைந்தால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை தண்டம் அழ வேண்டி வரலாம். ராத்திரி ரெயிலில் வருகிறவர்களுக்கு முதல் வகை லாபம். ஒரு சில மணி நேரம்தான் வேண்டுமென்றால், டிக்கெட் உள்ளவர்களுக்கு எழும்பூர் ஸ்டேஷனிலேயே தங்கும் அறைகள் உண்டு.

தனியாக வரும் பெண்களுக்கு, எழும்பூரை அடுத்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தின் விருந்தினர் விடுதி நெடுங்காலமாக இருக்கிறது. எந்த மதத்தவரும் தங்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் தாம்பரம், அடையாறு முதலிய இடங்களில் இருக்கின்றன. பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் வரும் பெண்கள் அங்கேயும் விசாரித்துப் பார்க்கலாம்.

'எங்கள் வீட்டிலேயே தங்குங்கள்' என்று சொல்வதை விட்டுவிடச் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் குளிக்கிற அறை ஒன்று, மனுஷர்கள் ஐந்து என்றால், வருகிறவர்களே வேண்டாம் என்கிறபோது அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றக் கண்ணுக்கு அக்கா அடுத்த மாதம் வருகிறார். இந்தத் தடவை இவரை அனுப்பவில்லை. நானே நாலு இடம் ஏறி இறங்கினேன். ஓர் இடத்தில் லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. ஓர் இடத்தில் கீழேயே மதுக்கடை. மூன்றாவது இடத்தில் வெந்நீர் காலை ஏழு மணிக்கு மேல்தான். நாலாவது நுங்கம்பாக்கத்தில், ஒரு சந்துக்குள். தரைத் தளம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மேஜையில் ஒரு நடுத்தர வயது அம்மாள். அக்காவின் பெயரிலேயே ரசீது போட்டு வாங்கிக்கொண்டேன். டெலிபோனில் சொன்னபோது, "ஸ்டேஷனிலிருந்து எத்தனை தூரம்?" என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பார்த்திருந்தேன். என் நடைக்கு ஒன்பது நிமிஷம். அவருக்குப் பதினான்கு என்று சொல்லியிருக்கிறேன்.