‘மறுபடியும்’ என்று சொல்ல ஓர் ஆள்

(நீண்ட பதிவு. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’, ‘மாநாடு’ ஆகிய இரு படங்களின் முக்கியத் திருப்பங்களும் இங்கே பேசப்படுகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிக்கலாம்.)

காலச்சுழல் படங்களைப் பற்றிய பார்வையாளர் கருத்துகளில் மூன்று தீர்ப்புகள் ஓயாமல் திரும்பி வருகின்றன. ‘இது காப்பி’ என்பது முதலாவது. ‘லாஜிக் இடிக்கிறது’ என்பது இரண்டாவது. ‘ஒரே காட்சியை எத்தனை முறைதான் பார்ப்பது’ என்பது மூன்றாவது. இம்மூன்றும் முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிட்டால் படத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்று நாம் கருதிக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உண்மையில் பேச வேண்டியவை அதற்குப் பின்னர்தான் தொடங்குகின்றன.

முதல் குற்றச்சாட்டை விரைவாகவே கடந்துவிடலாம். வெங்கட் பிரபு இயக்கி 2021 நவம்பரில் வெளிவந்த ‘மாநாடு’, டக் லைமன் இயக்கி 2014இல் வெளிவந்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. நாயகன் இறக்கும்போதெல்லாம் நாள் புதிதாகத் தொடங்குவது, அந்த ஆற்றல் இரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்வது ஆகிய இரண்டும் இரு படங்களிலும் உண்டு. ஆனால் ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வும் ஜப்பானிய எழுத்தாளர் ஹிரோஷி சகுராசாகாவின் 2004ஆம் ஆண்டு நாவலிலிருந்து பிறந்ததுதான். அதற்கும் முன்பே, 1993இல், ‘கிரவுண்ட்ஹாக் டே’ ஒரே நாளில் சிக்கிய மனிதனின் கதையை உலகறியச் செய்துவிட்டது. காலச்சுழல் இன்று தனியொருவரின் சொத்தன்று. இரட்டை வேடக் கதையைப் போல, பழிவாங்கும் கதையைப் போல, அது ஒரு கதைவகை. வகையைக் கடன்வாங்கியவர் அதற்குள் என்ன செய்தார் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அக்கேள்விக்கு விடைதேட, மொழியியலில் எனக்குப் பழகிய ஒரு சிறு கருவியைப் பயன்படுத்த விரும்புகிறேன். ‘கொற்றனும் வந்தான்’ என்று ஒருவர் சொல்கிறார். அச்சொற்றொடரில் கொற்றனைத் தவிர வேறெவர் பெயரும் இல்லை. எனினும் அவனுக்கு முன்னரே வேறொருவர் வந்திருக்கிறார் என்பதை நாம் அறிந்துகொள்கிறோம். ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல் அந்தச் செய்தியைச் சுமந்து வருகிறது. நம் இலக்கண மரபு இதனை இறந்தது தழுவிய எச்சவும்மை என்று பெயரிட்டு அழைத்தது. ‘மறுபடியும்’, ‘மீண்டும்’ ஆகிய சொற்களும் இப்படிப்பட்டவையே. ‘மறுபடியும் மழை பெய்கிறது’ என்று நான் சொன்னால், முன்பு பெய்த மழையை நீங்களும் அறிவீர்கள் என்று நம்பியே சொல்கிறேன். பேசுபவரும் கேட்பவரும் பகிர்ந்து வைத்திருக்கும் இந்தப் பொது அறிவைப் பற்றித் தத்துவவியலாளர் ராபர்ட் ஸ்டால்நேக்கர் 1970களில் விரிவாக எழுதினார். அந்தப் பொது அறிவு இல்லாத இடத்தில் ‘மறுபடியும்’ என்ற சொல் தடுமாறி விழும். ‘மறுபடியுமா? முன்பு எப்போது?’ என்று கேட்பவர் திகைப்பார்.

காலச்சுழலில் சிக்கியவரின் துயரம் இதுதான். அவர் ‘மறுபடியும்’ என்று சொல்லலாம். அதைப் புரிந்துகொள்ள அங்கே ஒருவரும் இல்லை. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வில் டாம் குரூஸ் ஏற்றிருக்கும் கேஜ், போர்க்களத்தையே காணாத ஒரு விளம்பர அதிகாரி. ஹீத்ரோ முகாமில் கண்விழித்து, பிரெஞ்சுக் கடற்கரையில் இறந்து, திரும்ப ஹீத்ரோவில் கண்விழிக்கிறான். உடனிருக்கும் வீரர்கள் ஒவ்வொருவரின் பெயரும் கதையும் அவனுக்கு மனப்பாடம். அவர்களுக்கோ அவன் அன்று காலையில் வந்து சேர்ந்த ஓர் அந்நியன். அவன் உண்மையைச் சொல்லும்போதெல்லாம் பைத்தியக்காரனாகவே தெரிகிறான்.

அவனுடைய ‘மறுபடியும்’ எவருக்குத்தான் புரிகிறது? திரையரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கு. இவ்வகைப் படங்களின் அடிப்படை ஒப்பந்தம் இது. முந்தைய சுற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் நாயகனும் பார்வையாளரும் மட்டுமே. ‘வீடியோ கேம் பார்ப்பதுபோல இருக்கிறது’ என்ற பரவலான கருத்தின் உட்பொருளும் இதுவே. விளையாட்டில் செத்துச் செத்துப் பிழைக்கும் உருவத்துக்கு எதுவும் நினைவில்லை; நினைவு முழுவதும் கையில் கருவி வைத்திருப்பவரிடம் இருக்கிறது. படத்தொகுப்பு விரைந்து தாவக் காரணமும் இந்த ஒப்பந்தம்தான். முதல் சில சுற்றுகளை நாம் முழுமையாகக் கண்டுவிட்டதால், பின்னர் ஒரு சொல்லோ ஒரு துப்பாக்கி ஓசையோ போதுமானதாகிவிடுகிறது. அலுப்புத் தட்டுகிறது என்போர் பெரும்பாலும் குறைகூறுவது, நமக்குத் தெரிந்ததையே நம்மிடம் திரும்பச் சொல்லும் இயக்குநர்களைத்தான். அக்குறை நியாயமானது, ஆனால் அது கதைவகையின் குறையன்று, கையாளுதலின் குறை.

எமிலி பிளண்ட் ஏற்றிருக்கும் ரீட்டா இந்த இடத்தில் முக்கியமாகிறாள். வெர்டன் போரில் அவளும் இதே சுழலில் சிக்கி மீண்டவள். இப்போது அந்த ஆற்றலை இழந்துவிட்டவள். கேஜுடன் கழித்த சுற்றுகள் எவையும் அவளுக்கு நினைவில்லை. ஆனால் சுழல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவன் சொல்வதை நம்புகிறாள். நிகழ்ச்சிகளைப் பகிராமலேயே அனுபவத்தின் வகையைப் பகிர்ந்துகொண்ட இருவரின் உறவு அது. ஒரே ஊரில் வாழாமலேயே ஒரே வகை இழப்பைச் சந்தித்த இருவர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதைப் போன்றது.

படத்தின் மிகச் சிறந்த பகுதி, ஒரு பண்ணை வீட்டில் நிகழ்கிறது. இருவரும் அங்கே முதன்முறையாக வந்து சேர்ந்ததாகவே நாம் எண்ணுகிறோம். கேஜ் அவளுக்குக் காப்பி கலந்து தருகிறான்; அவளுக்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவளுக்கும் நமக்கும் ஒரே வேளையில் உண்மை உறைக்கிறது. அவன் இங்கே பலமுறை வந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் இங்கேயே இறந்திருக்கிறாள். அதுவரை அவனோடு சரிசமமாக எல்லாவற்றையும் அறிந்திருந்த நாம், அந்தக் கணத்தில் ரீட்டாவின் பக்கம் தள்ளப்படுகிறோம். நம் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ சுற்றுகள் நடந்து முடிந்திருக்கின்றன. ஒருவர் நம்மைப் பற்றி, நாம் சொல்லாமலேயே, அளவுக்கு மிஞ்சி அறிந்திருப்பது அன்பா அத்துமீறலா என்ற கேள்வியை அந்தக் காப்பிக் கோப்பை எழுப்பிவிடுகிறது.

இறுதிக் காட்சியைப் பற்றிய சண்டையையும் இங்கிருந்தே பார்க்கிறேன். எதிரியின் மூளையே அழிந்தபின் காலத்தைத் திருப்பியது யார், திரும்பிய காலத்திலும் எதிரி அழிந்தே கிடப்பது எப்படி என்று பார்வையாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரியானதே. படம் தன் விதியைத் தானே வளைத்துக்கொள்கிறது. வணிக நிர்ப்பந்தத்தின் வாடை அதில் வீசுகிறது. ஆயினும் அதனை ‘மகிழ்ச்சியான முடிவு’ என்று எல்லோரும் சொல்வதுதான் எனக்கு வியப்பளிக்கிறது. கேஜ் ரீட்டாவின் முன் நிற்கிறான். அவள் அவனை அறியமாட்டாள். அவன் சிரிக்கிறான். இருவரும் சேர்ந்து வாழ்ந்தவை அனைத்தும் இனி ஒருவனின் நினைவில் மட்டுமே. அங்கே சொல்லப்படாமல் நிற்கும் ‘மறுபடியும்’ அவ்வளவு எளிதில் மகிழக்கூடிய ஒன்றன்று.

இனி ‘மாநாடு’. காப்பி என்ற தீர்ப்பு மறைத்துவிடும் அதன் தனித்தன்மை, ‘மறுபடியும்’ என்று சொல்லத் தெரிந்த இரண்டாம் ஆளைக் கதைக்குள் கொண்டுவந்ததுதான். அந்த ஆள் காதலியல்லள், நண்பனல்லன், எதிரி. சிலம்பரசன் ஏற்றிருக்கும் அப்துல் காலிக்கின் இரத்தம், எஸ். ஜே. சூர்யா ஏற்றிருக்கும் காவல் அதிகாரி தனுஷ்கோடியின் உடலில் கலந்ததும், அவருக்கும் முந்தைய சுற்றுகள் நினைவில் நிற்கத் தொடங்குகின்றன. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வின் எதிரிகளுக்கும் நினைவு உண்டு, ஆனால் பேச்சு இல்லை. இங்கே எதிரி பேசுகிறார், சலித்துக்கொள்கிறார், புலம்புகிறார். திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காணும் நம் அலுப்பை நம் சார்பில் அவரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். அவருடைய வசனத்துக்குத் திரையரங்குகள் அதிர்ந்ததற்கும், அது அன்றாடப் பேச்சிலும் மீம்களிலும் புகுந்ததற்கும், நடிப்பு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை பார்வையாளர் மட்டுமே அறிந்திருந்த ஒன்றைக் கதைக்குள்ளிருக்கும் ஒருவர் முதன்முதலாக அறிந்துகொண்ட மகிழ்ச்சி அது. காலிக் இறந்தால் நாள் புதிதாகத் தொடங்கிவிடும். எனவே வெல்ல நினைக்கும் வில்லன் நாயகனை உயிரோடு காக்கவேண்டியிருக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை வேறெங்கிருந்தோ எடுத்ததாகச் சொல்லித் தள்ளிவிடுவது, நம் கண்முன் நடந்ததைக் காணாமல் விடுவதாகும்.

இவ்வளவு சொன்னபின், பார்வையாளர் கருத்துகளில் நான் அதிகம் தேடிக் குறைவாகவே கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே விடுதியில் பல மொழி பேசும் நண்பர்களோடு இப்படத்தை விவாதித்தபோதும், சுழலின் விதிகளே பேச்சை நிறைத்துக்கொண்டன. அந்த நாள் எந்த நாள் என்ற கேள்வி எழவேயில்லை. ஒரு முதலமைச்சரைக் கொன்று, பழியை ஓர் இஸ்லாமிய இளைஞன்மீது சுமத்தி, அதன்வழியே கலவரத்தை மூட்டத் திட்டமிடப்பட்ட நாள் அது. பெயரே சாட்சியமாகிவிடும் நாள். அந்த நாள் படத்தில் மட்டுமா திரும்பத் திரும்ப வருகிறது? ஒரு குண்டு வெடித்ததும், விசாரணை தொடங்குமுன்பே ஐயம் எந்தப் பெயர்களின்மீது விழும் என்பது இந்நாட்டில் நம் எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவு. ‘மறுபடியுமா’ என்று அஞ்சுவோர் ஒருபுறம் இருக்க, ‘முன்பு எப்போது?’ என்று கேட்போரே பெரும்பான்மையாக இருக்கிறோம்.

படத்தை இதற்காக முழுமனத்தோடு பாராட்டிவிடவும் என்னால் இயலவில்லை. கலவரச் சூழலில், உஜ்ஜைனியின் காலபைரவர் கோயிலில் பிறந்தவன் காலிக் என்று படம் சொல்கிறது. காலத்தின் கடவுளுக்கும் காலச்சுழலுக்கும் முடிச்சுப்போடும் அழகிய கற்பனைதான். மத நல்லிணக்கமே அதன் நோக்கம் என்பதையும் ஏற்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. கோயிலில் பிறக்காத காலிக்குக்கும் இதே நீதி கிடைக்கவேண்டும் அல்லவா? குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கக் கூடுதலாக ஒரு சான்றிதழ் ஏன் தேவைப்படுகிறது? அத்துடன், சதி முழுவதையும் சில தீயவர்களின் தலையில் கட்டிவிடுவதால், அவர்கள் மூட்டும் தீயில் எரியத் தயாராக இருக்கும் கூட்டத்தைப் பற்றிப் படம் பேசாமலேயே நழுவிவிடுகிறது.

‘பொழுதுபோக்குப் படத்தில் இவ்வளவு தேடவேண்டுமா’ என்று சிலர் கேட்பார்கள். தேடவேண்டியதில்லை, அது படத்தின் நடுவிலேயே கிடக்கிறது. காலச்சுழலின் விதியில் ஒரு சிறு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கூர்மை நமக்கு இருக்கிறது. அதே கூர்மையைக் கதை எதைச் சுற்றிச் சுழல்கிறது என்பதன்மீதும் செலுத்தலாம் என்பதே என் கோரிக்கை. காலிக்குக்கு எத்தனையோ சுற்றுகள் கிடைத்தன. தோற்று, கற்று, அடுத்த முறை முந்திக்கொள்ள அவனால் முடிந்தது. பொய்ப்பழி சுமந்து சிறையில் ஆண்டுகளைத் தொலைத்துப் பின்னர் விடுதலையானவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று. அவர்கள் சார்பில் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டியவர்கள், முந்தைய சுற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாம்தான்.