வணிகத்துக்கு அஞ்சேல், வேலிக்கு அஞ்சுக!

விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தோன்றிற்று. ஊதியம் கருதாத தொண்டர் எழுதித் திருத்தி வளர்க்கும் அதனை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். இவ்விற்கும் உரிமையே சிலர் கண்ணை உறுத்துகின்றது. “தொண்டன் வியர்வையை வணிகன் காசாக்குவதா? தடை செய்க!” என்கின்றனர். அவர்தம் சினம் நேரியது. அவர் கூறும் தீர்வோ தீது.

2009 முதல் விக்கிப்பீடியா மேற்கொண்டுள்ள படைப்பாக்கப் பொதும உரிமம் கட்டளை இரண்டு இடுகின்றது. ஒன்று, எழுதியோரைக் குறிப்பிடுக. மற்றொன்று, மாற்றி வெளியிடின் அதனையும் அதே உரிமத்தில் வெளியிடுக. ஆகவே, விற்போன் விலை பெறலாம், வேலியிட முடியாது. ஏரிநீர் பாய்ச்சி விளைத்த நெல்லை உழவன் விற்பதால் ஏரிக்கு இழுக்கில்லை. மடையை அடைத்து ஏரியே எனதென்பானே ஊர்ப்பகைவன்!

இனி, வணிகத்தின் எல்லைதான் யாது? கட்டணம் வாங்கும் பள்ளி வணிகமா? விளம்பரம் ஏற்கும் திங்களிதழ் வணிகமா? தாள்விலையும் அச்சுக்கூலியும் மீளவேண்டிச் சிறுநூல் விற்கும் சிற்றூர் அச்சகத்தான் வணிகனா? தடை வரின் அஞ்சி ஒதுங்குவோர் இவர்களே. வழக்குரைஞர் படை வைத்திருக்கும் பெருங்குழுமம் ஒதுங்குமா?

நம் வரலாற்றிலேயே சான்றுண்டு. தனியார் கையிற் சிறைப்பட்டிருந்த பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசு பெற்றது; 1955-இல் எல்லார்க்கும் பொதுவாக்கிற்று. அதன்பின் அவற்றை அச்சிட்டு விற்றோரிற் பலர் வணிகரே. எனினும், அவர் போட்டியிட்டு வெளியிட்ட மலிவுப் பதிப்புகளாலன்றோ அப்பாடல்கள் எளியோர் இல்லம் புகுந்தன! “விற்பனை கூடாது” என்று அன்று விதித்திருப்பின், பொதுவுடைமை என்பது ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.

இன்று பெருங்குழுமங்கள் இக்களஞ்சியத்தைத் தம் செய்யறிவுப் பொறிகளுக்கு இரையாக்குகின்றன. அப்பொறிகளோ எழுதியோர் பெயரைப் பல வேளைகளிற் சொல்லாமலே விடை பகர்கின்றன. இங்கே குற்றம் விற்றலா? அன்று; பெயர் மறைத்தலும் திருப்பித் தாராமையுமே குற்றம். பெருநிறுவனங்களிடம் பொருள் பெறவும் வழியுண்டு. தரவினை விரைந்து வழங்குதற்கெனக் கட்டண ஏற்பாடொன்றை விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் தொடங்கிற்று. 2022-இல் கூகுள் அதில் இணைந்தது. உரிமத்தை இறுக்காமலே இது கூடிற்று.

எனவே, தமிழர் கேட்க வேண்டுவது வணிகத்தடை அன்று. எழுதியோர் பெயர்க்கு மதிப்பு, எடுத்ததைப் பொதுவிலேயே வைக்கும் நேர்மை, இரண்டையும் மீறுவோரைத் தட்டிக் கேட்கும் துணிவு. விற்பவன் விற்கட்டும், அடைப்பவன் கையைத் தடுப்போம்! அறிவைப் பூட்டி வைத்த இனம் தழைத்ததில்லை.