தேர்ச்சி மதிப்பெண் குறைந்தது. தங்கவயல் ஆசிரியர்களின் பொறுப்பு கூடியது

கோலார் தங்கவயல்: கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் 35 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. 2025-26 கல்வியாண்டு முதல், மொத்தமுள்ள 625 மதிப்பெண்களில் 206 பெறும் மாணவர், ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 விழுக்காடு பெற்றிருந்தால் தேர்ச்சி பெற்றவராவார். மாநிலப் பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் மது பங்காரப்பா 2025 அக்டோபரில் இதனை அறிவித்தார்.

மாணவர்களுக்கு இது ஆறுதல்தான். ஆனால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பெருமளவில் வாழும் தங்கவயலில் ஆசிரியர்களின் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

புதிய 33 விழுக்காடு, எழுத்துத் தேர்வையும் பள்ளியிலேயே வழங்கப்படும் அகமதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. முதல் மொழிக்கு 25, மற்ற ஐந்து பாடங்களுக்குத் தலா 20 என அகமதிப்பீட்டுக்கு மட்டும் 125 மதிப்பெண்கள் உள்ளன. அவற்றை முழுமையாகப் பெறும் மாணவருக்கு, மொத்தக் கணக்கில் மட்டும் பார்த்தால், எழுத்துத் தேர்வின் 500இல் 81 போதும். பாடவாரியான 30 விழுக்காடு நிபந்தனையே மிஞ்சியிருக்கும் தடுப்பு.

ஆகவே வகுப்பாசிரியர் இடும் மதிப்பெண்ணே பலரின் தேர்ச்சியைத் தீர்மானிக்கும். நேர்மையாக மதிப்பிடும் ஆசிரியர் தம் மாணவரையே பின்தங்கச் செய்ய நேரிடும். தாராளமாக வழங்கும் அடுத்த பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயரும். தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே பள்ளிகள் அளக்கப்படும் சூழலில், எந்த ஆசிரியர் முதலில் கண்டிப்பு காட்டுவார்?

அகமதிப்பீட்டின் அடிப்படையான வளரறி மதிப்பீடுகளில் செயல்திட்டங்களும் ஒப்படைப்புகளும் இடம்பெறுகின்றன. வீட்டில் ஒருவர் உடனிருந்து உதவுவார் என்ற எதிர்பார்ப்பு அவற்றில் மறைந்திருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின், இந்நகரின் தொழிலாளர்கள் ஏராளமானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்றனர். அத்தகைய வீட்டுப் பிள்ளையின் செயல்திட்ட ஏடு வெறுமையாக இருப்பதற்கு அவரது திறன் மட்டுமே காரணமாகாது. அதை ஈடுசெய்யும் வேலையும் பள்ளி நேரத்துக்குள் ஆசிரியரிடமே வந்து சேர்கிறது.

விதிகள் அடிக்கடி மாறுவதும் நம்பிக்கையைக் குலைக்கிறது. துணைத்தேர்வுக்குப் பதிலாக ஆண்டுக்கு மூன்று தேர்வுகள் நடத்தும் முறை 2024இல் வந்தது. அதே ஆண்டு தேர்வறைகள் இணையவழியில் நேரலையாகக் கண்காணிக்கப்பட்டன. முந்தைய ஆண்டு 83.89 விழுக்காடாக இருந்த தேர்ச்சி, கருணை மதிப்பெண் உயர்த்தப்பட்ட பிறகும், 73.40 விழுக்காடாகச் சரிந்தது. மறு ஆண்டு கருணை மதிப்பெண் நிறுத்தப்பட்டது. இப்போது தேர்ச்சிக்கான எல்லையே இறக்கப்பட்டுள்ளது. கண்காணிப்பு வெளிக்கொணர்ந்த கற்றல் குறைபாட்டை மதிப்பெண் எல்லை மாற்றம் சரிசெய்யுமா என்பது ஐயமே. தவறியவர்களுக்கான சிறப்பு வகுப்புகள் கோடை விடுமுறைக்குள் நுழைந்தபோது ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

தங்கவயலுக்கே உரிய கேள்வி மொழி பற்றியது. பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் 2025 ஆகஸ்ட் 8 அன்று அறிக்கை அளித்தது. (தமிழ்நாடு தனது மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டதும் அதே நாளில்தான்.) ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்றும், கன்னடம் அல்லது தாய்மொழியுடன் ஆங்கிலம் என இருமொழித் திட்டமே போதும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது.

தமிழ்வழிப் பள்ளிகளுக்கு இது தாளளவில் பெரும் ஆதரவு. ஆனால் 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம், பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாய மொழிப்பாடமாக்கியுள்ளது. தமிழை முதல் மொழியாக எடுப்பவர் கன்னடத்தை இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகப் படிக்கிறார். மூன்றாம் மொழி நீங்கினால், தமிழ், ஆங்கிலம், கன்னடம் ஆகியவற்றில் எதற்கு இடமிருக்காது? சட்டம் நீடிக்கும்வரை கன்னடத்தை நீக்க இயலாது. ஆங்கிலத்தைக் கைவிடப் பெற்றோர் இசையார். எஞ்சுவது தமிழ்.

பரிந்துரையின் நோக்கம் அதுவன்று. ஆயினும் மொழிச் சிறுபான்மை மாணவருக்கான விதிவிலக்கு அரசாணையில் வெளிப்படையாக எழுதப்படாவிட்டால், தமிழாசிரியர் பணியிடங்களும் தமிழ்வழிப் பாடநூல்களும் நிச்சயமற்றதாகிவிடும். அறிக்கை மீது முடிவெடுக்கும்போது அரசு முதலில் தெளிவுபடுத்த வேண்டியது இதைத்தான்.