சமவெளியை நம்பி மோசம் போகாதீர்கள்

ஃபிளாண்டர்ஸில் சைக்கிள் பயணம் போகப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். "மேடா, பள்ளமா? மிதிச்சுக்கிட்டே போக வேண்டியதுதானே!" என்று பதில் வரும். பெல்ஜியத்தின் வடபாதி தோசைக்கல் மாதிரி தட்டை. தட்டை என்றால் சுலபம். சுலபம் என்றால் திட்டம் எதற்கு. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் தாராளம். இந்த நான்கில் முதலாவது மட்டுமே ஓரளவு சரி. அதுவும் ஓரளவுதான்: தெற்கே அவுடெனார்டே பக்கத்துக் கோப்பன்பர்க் ஏற்றம் கருங்கல் பாவியது, சில இடங்களில் 20 சதவீதத்துக்கும் மேல் செங்குத்து. மற்ற மூன்றும் வெறும் கற்பனை.

மேடில்லாத நாட்டில் காற்றைத் தடுக்கவும் ஒன்றுமில்லை. வட கடலை ஒட்டிய அந்தப் புல்வெளிகளில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அவர் உடம்பில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், காற்றே இல்லாத நாளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் அவர் முட்டித் தள்ள வேண்டும்.

"போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று, கணக்கு நேராகிவிடும்" என்பார்கள். ஆகாது. புரூஜ் நகரிலிருந்து டாமெ வழியாக நெதர்லாந்து எல்லையிலுள்ள ஸ்லுயிஸ் வரை ஒரு கால்வாய் போகிறது. நெப்போலியன் உத்தரவில் வெட்டியது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், கரை நெடுகப் பாதை. அது ஓடுவது வடகிழக்கே. ஆகவே தென்மேற்குக் காற்றடிக்கும் நாளில் காலையில் முதுகைத் தள்ளிவிடும், பயணி "நமக்கு இவ்வளவு தெம்பா!" என்று மகிழ்ந்துபோவார். மத்தியானம் திரும்பும்போது தெரியும் சங்கதி. போகும்போது மணிக்கு 20, வரும்போது 10 என்று வையுங்கள்; சராசரி 15 ஆகாது. முதல் பாதிக்கு முக்கால் மணி, மறுபாதிக்கு ஒன்றரை மணி. சராசரி 13 சொச்சம்தான். எதிர்காற்றில் கழியும் நேரம் எப்போதும் அதிகம், அதுவும் களைத்த பிற்பகலில். டாமெ பக்கத்துக் கால்வாய்க் கரைகளில் நெட்டை மரங்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. வருஷக்கணக்கில் காற்று தள்ளியதன் அடையாளம் அது. அதைப் படம் பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்?

தொழில்முறை வீரர்களையே அந்தக் காற்று விடவில்லை. 2015-ஆம் ஆண்டு கெண்ட்-வேவல்கெம் பந்தயத்தில் கிட்டத்தட்ட 200 பேர் கிளம்பி 39 பேர்தான் முடித்தார்கள். அதே பந்தயத்தில், பின்னாளில் 2018-இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஜெரெய்ன்ட் தாமஸைக் காற்று சாலையோரப் பள்ளத்தில் தூக்கிப் போட்டது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. மலைப்பாதையில் ஏறினவனுக்கு இறக்கம் உண்டு. மிதிக்காமல் உருளலாம், சீட்டிலிருந்து எழுந்து இடுப்பை நிமிர்த்தலாம். சமவெளியில் மிதியை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மணிக்கணக்காக ஒரே உட்கார்வு, ஒரே மிதி. பின்புறம் புண்ணாவதற்கு மலை தேவையில்லை.

மின்சைக்கிள் இருக்கிறதே என்பவர்களுக்கு: எதிர்காற்றில் பேட்டரி மளமளவென்று இறங்கும். இறங்கிய பிறகு 20 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியைத் தள்ளப்போவது நீங்கள்தான்.

"திட்டம் போட்டால் உல்லாசம் போய்விடும்" என்பது கடைசி வாதம். உண்மை நேர்மாறானது. 1995-இல் லிம்பர்க் பகுதியில் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனையில் பிறந்த எண்-சந்திப்பு முறை இன்று ஃபிளாண்டர்ஸ் முழுக்க இருக்கிறது. சைக்கிள் பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண். ஒரு துண்டுச் சீட்டில் எண்களை வரிசையாக எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். காற்று திசை மாறினால் அடுத்த சந்திப்பில் நீங்களும் மாறலாம். திட்டமில்லாமல் 80 கிலோமீட்டரைத் துரத்துகிறவருக்குத்தான் எங்கும் நிற்க நேரமிருக்காது. ஈப்பர் நகரின் மெனின் வாயிலில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1928-இல் தொடங்கிய எக்காள அஞ்சலி இரவு 8 மணிக்கு ஒலிக்கும். அவர் அப்போதும் எங்கேயோ மிதித்துக்கொண்டிருப்பார்.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். பிறகு பாதை, கடைசியில் தூரம். தென்மேற்குக் காற்று என்றால் சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து ரயிலில் டெ பான் போய் இறங்குங்கள். கடற்கரையோடு வடகிழக்கே ஓஸ்டெண்ட் நோக்கி வாருங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றவர்கள், காற்றுக்கு எதிரே நின்று தூற்றச் சொல்லவில்லை.