அண்டத்தின் பழங்காய்ச்சலை அளந்த கதை



தீவில் வாழும் நமக்குக் கலங்கரை விளக்கம் புதிதன்று. விளக்கிற்கும் மரக்கலத்திற்கும் இடையே மழைத்திரை விழுமாயின் ஒளி மங்கும். இருளில் மழையைக் காணாத மாலுமியும், ஒளி குறைந்ததைக் கொண்டே மழையை அறிவான். வானநூல் வல்லார் சேய்மையிலுள்ள வாயு மேகங்களை ஆராயும் முறையும் இதுவே.

அம்மேகங்கள் நமக்குப் புலனாகுமாறு ஒளி வீசுவன அல்ல. ஆனால் அவற்றிற்கும் அப்பால் 'குவாசர்' எனப்படும் பேரொளிப் பிழம்புகள் உள்ளன. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்னும் அறிஞர் அவற்றின் பெருஞ்சேய்மையை முதன்முதலாக உணர்ந்தார். குவாசரின் ஒளி மேகத்தை ஊடுருவி வருங்கால், அங்குள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடுகிறது. அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் மஞ்சட் சுடர் எழுவதை நம் இல்லத்தார் அறிவர். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். அதே சோடியம் குளிர்ந்த ஆவியாய் ஒளியின் குறுக்கே நின்றால், அம்மஞ்சளையே விழுங்கும். வந்த ஒளியை நிறமாலையாக விரித்தால், விழுங்கிய இடங்கள் கருங்கோடுகளாய் நிற்கும். கோடு நிற்கும் இடம் பொருளின் பெயரைக் கூறும். அதன் அழுத்தம் அளவைக் கூறும்.

இதனால் விளையும் பயன் யாது? அண்டம் தொடக்கத்தில் வெம்மையாய் இருந்து, விரிய விரியக் குளிர்ந்தது என்பர். இன்று வெளியெங்கும் பரவியுள்ள தொல்கதிர்வீச்சின் வெப்பநிலை, தனிச்சுழிக்கு மேல் 2.7 பாகையே. கொள்கை மெய்யாயின் முற்காலத்தில் அது மிகுந்திருத்தல் வேண்டும். ஆனால் முற்காலத்திற்குச் சென்று வெப்பமானி வைப்பார் யார்?

மேகமே வெப்பமானியாயிற்று. புனே நகரில் உள்ள 'ஐயூகா' வானியல் மையத்தின் அறிஞர் இரகுநாதன் ஸ்ரீஆனந்தும் ஐரோப்பிய அறிஞர் மூவரும், சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் ஒரு குவாசரை நோக்கினர். இடையிலிருந்த மேகத்தில் கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் கண்டு, 2008இல் வெளியிட்டனர். அம்மேகத்தைக் கடந்த ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 1,100 கோடி ஆண்டுகள் ஆயின. அதன் கோடுகள் புறவூதா ஒளியில் விழுந்தவை. அவ்வொளியை நம் காற்றுமண்டலம் தரைக்கு விடாது. ஆயினும் அண்டம் விரிந்தமையால் வழியிலேயே அலைநீளம் மூன்று மடங்கிற்கு மேல் நீண்டு, கட்புலனாகும் ஒளியாயிற்று.

கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் பம்பரம்போற் சுழல்வன. சூழ்ந்துள்ள கதிர்வீச்சின் வெம்மை மிகுந்தால், விரைந்து சுழல்வனவும் மிகும். இருவகையின் விகிதத்தைக் கோடுகளால் அறிந்து கணக்கிட்டபோது கிடைத்த விடை 9.15 பாகை, பிழை கூடினும் குறையினும் 0.7 அளவே. கொள்கை முன்னரே கூறியதோ 9.3 பாகை! வேறாக வந்திருப்பின் கொள்கையையே ஐயுற நேர்ந்திருக்கும்.

குவாசரை நம் பிள்ளைகளும் காணலாம். சித்திரை மாத இரவில் கன்னி இராசி உயர்ந்து நிற்கும். விளக்கு வெளிச்சம் இல்லாக் கடற்கரையில், 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல வான்படமும் கொண்டு தேடினால், '3சி 273' என்னும் குவாசர் மங்கிய புள்ளியாய்த் தோன்றும். அவ்வொளி புறப்பட்டு ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் ஆயின என்பதையும் அவர்களுக்குக் கூறுக.