தம்ப்நெயில் ஃபைல்களை விட்டுவிடுங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "மறைந்திருக்கும் தம்ப்நெயில் ஃபைல்களை எல்லாம் அழித்துவிடு, சிஸ்டம் பறக்கும்" என்று உடனே வைத்தியம் வரும். இன்னும் சிலருக்கு அவை வைரஸே. இரண்டும் தவறு.

வைரஸ் கதையை முதலில் முடித்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், படங்கள் உள்ள ஃபோல்டரைத் தம்ப்நெயில் வடிவில் திறந்தால், அதற்குள்ளேயே 'தம்ப்ஸ்.டிபி' என்றொரு ஃபைலை விண்டோஸ் எழுதி வைக்கும். ஒவ்வொரு படத்தின் சின்ன நகலும் அதில் இருக்கும். தானாக இயங்கும் புரோகிராம் அல்ல அது. அழித்தாலும் மறுபடி முளைக்கிறதே என்பார்கள். நீங்கள் ஃபோல்டரைத் திறந்தீர்கள், விண்டோஸ் மறுபடி எழுதியது; அவ்வளவுதான். பென் டிரைவ் வைரஸ்கள் நம் ஃபோல்டர்களை ஒளித்துவைத்து ஆட்டம் காட்டிய காலம் அது. மறைந்திருப்பதெல்லாம் களவு என்ற பயம் அப்போது ஒட்டிக்கொண்டது. இந்த ஃபைல் பெயரின் கடைசியில் '.இஎக்ஸ்இ' என்று இருந்தால் பயப்படுங்கள்.

அடுத்தது வேகம். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த நகல்கள் ஃபோல்டர்தோறும் சிதறிக் கிடப்பதில்லை. பயனரின் 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் ஒரே இடத்தில், அளவுவாரியாக 'தம்ப்கேஷ்' ஃபைல்களில் சேர்கின்றன. அவற்றை அழித்துவிட்டுக் கல்யாண ஆல்பம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் விண்டோஸ் முதலிலிருந்து படித்தாக வேண்டும். மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். வேகத்துக்காகச் சேர்த்து வைத்ததை வேகத்துக்காக அழிப்பது என்ன கணக்கோ! விண்டோஸ் 10-இல் புகாரே தலைகீழ்: தானியங்கிப் பராமரிப்பு இந்த நகல்களை அடிக்கடி அழித்துவிடுகிறது என்று நொந்துபோய், அதைத் தடுக்க ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தவர்கள் உண்டு.

இடத்தை அடைக்கிறதே என்பது ஓரளவு நியாயம். சின்ன டிஸ்க் நிரம்பி வழிகிறது, அல்லது தம்ப்நெயில்கள் கறுப்பாகவோ வேறு படமாகவோ தெரிகின்றன என்றால் அழிக்கலாம். 'டிஸ்க் கிளீனப்'பில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அழித்தால் மூலப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

பேசவேண்டிய சங்கதி வேறு. படத்தை அழித்துவிட்டால் தடயம் போயிற்று என்று நம்புகிறோம். படம் போன பிறகும் அதன் சின்ன நகல் இந்தத் தம்ப்கேஷில் தங்கியிருக்கக்கூடும்; டிஜிட்டல் தடயவியல் நிபுணர்கள் அதைத் தேடிப் பார்ப்பது வழக்கம். பழைய கம்ப்யூட்டரை விற்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். அப்போதும் தம்ப்கேஷை மட்டும் அழித்தால் போதாது, டிஸ்க் முழுவதையும் துடைக்கவேண்டும்.

அலுவலகங்களின் தொல்லை தனி. நெட்வொர்க் ஃபோல்டர்களில் பழைய தம்ப்ஸ்.டிபி விஸ்டாவுக்குப் பிறகும் தொடர்ந்தது. ஃபோல்டரை அழிக்கப் போனால் 'ஃபைல் திறந்திருக்கிறது' என்று விண்டோஸ் மறுக்கும். அங்கே 'குரூப் பாலிசி'யில் அதை நிறுத்தி வைப்பதே சரி. தினமும் உட்கார்ந்து அழிப்பது வீண் வேலை.

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானால் 'டாஸ்க் மேனேஜரை'த் திறந்து, மெமரியையும் டிஸ்க்கையும் எது தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இருபது டேப் திறந்துவைத்த பிரவுசர்தான் முதலில் நிற்கும்.